புறக்காழும் அகக்காழும்: மரபியலின் தாவர உள்ளமைப்பு வாசிப்புக்கு ஒரு மறுபார்வை

ஆய்வுச்சுருக்கம்

தொல்காப்பிய மரபியல் புறத்தே காழுடையவற்றைப் புல் என்றும் அகத்தே காழுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இப்பகுப்பு ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டை முன்னரே கண்டுரைத்தது என்னும் கருத்து தமிழாய்வில் பரவலாக வழங்குகிறது. அக்கருத்து நூற்பாக்களின் சொல்லோடும் தாவரத் தண்டின் உள்ளமைப்போடும் எந்த அளவு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணம் உப்பளம் வரையுள்ள கடற்கரைத் தாவரங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. காழ் என்பது தண்டில் வன்மை அமையும் இடத்தைச் சுட்டுகிறது; வித்திலை எண்ணிக்கைக்கும் அதற்கும் நூற்பாவளவில் தொடர்பில்லை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தொல்காப்பியம், மரபியல், காழ், வயிரம், தண்டின் உள்ளமைப்பு, பனை, ஒருவித்திலை, நெய்தல் நிலத் தாவரங்கள்

ஒப்பீடும் அதன் கவர்ச்சியும்

தொல்காப்பியத்தில் அறிவியல் செய்திகளைத் தேடும் கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் மரபியல் பகுதிகள் இரண்டு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் பகுதி ஒன்று. புறக்காழ், அகக்காழ் என்னும் இணை நூற்பாக்கள் மற்றொன்று. பின்னதை எடுத்துக்கொள்ளும் கட்டுரைகள் ஏறத்தாழ ஒரே வழியில் செல்கின்றன. பனை, தெங்கு, கமுகு, மூங்கில் ஆகியவை புறத்தே வன்மையுடையன. அவை ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பு, புளி, தேக்கு ஆகியவை அகத்தே வன்மையுடையன. அவை இருவித்திலைத் தாவரங்கள். ஆகவே ஐரோப்பியர் 17ஆம் நூற்றாண்டில் கண்டதைத் தமிழர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டனர் என்று அவை முடிக்கின்றன.

இவ்வாதத்தில் எடுத்துக்காட்டுகள் பிழையற்றவை. முடிவுக்குச் செல்லும் படிதான் ஆட்டம் காண்கிறது. இரண்டு பகுப்புகளில் ஒரே பொருள்கள் ஒரே பக்கம் வந்து விழுவதால் அவ்விரு பகுப்புகளின் அடிப்படையும் ஒன்றாகிவிடாது. ஆங்கிலேயரான ஜான் ரே 1682இல் வெளியிட்ட நூலில் வித்திலையைத் தாவரப் பகுப்புக்கு அடிப்படையாக்கினார். அவர் கண்ணுக்கு அளவுகோலாக அமைந்தது முளைக்கும் வித்து. மரபியல் நூற்பாக்கள் வித்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. முளையைப் பற்றியும் கூறவில்லை. அவை கூறுவது காழ் எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே.

இந்த மௌனம் தற்செயலானதன்று என்பதற்குப் பனையே சான்று. பனங்கொட்டை முளைக்கும்போது அதன் ஒற்றை வித்திலையின் ஒரு பகுதி கொட்டைக்குள்ளேயே தங்கி, வெண்மையான பஞ்சுபோலப் பருத்து, உள்ளிருக்கும் உணவை உறிஞ்சுகிறது. தவுன், பூரான் என வட்டாரத்துக்கு ஒரு பெயர் பெற்று, கிழங்கு பிடுங்கும் பருவத்தில் சிறுவர் வெட்டியுண்ணும் இனிப்புப் பண்டம் அதுவே. முற்றிய தேங்காய்க்குள் உருளும் தேங்காய்ப்பூவும் அவ்வகையினதே. ஒற்றை வித்திலையைத் தமிழர் நாவால் நன்கு அறிந்திருந்தனர். அறிந்திருந்தும் மரபியல் அதைப் பகுப்புக்கு அடிப்படையாக்கவில்லை. பகுப்புக்கு வேறொன்றைத் தேர்ந்துகொண்ட நூலின் மீது வித்திலையை ஏற்றுவது, நூல் சொன்னதை விட்டுச் சொல்லாததைப் பாராட்டுவதாகும்.

நூற்பாக்கள் நிற்கும் இடம்

புறக்காழ் நூற்பாக்கள் தாவரவியல் நூலொன்றில் நிற்கவில்லை, மரபியலில் நிற்கின்றன. அவ்வியலின் பெரும்பகுதி இளமைப்பெயர், ஆண்பாற்பெயர், பெண்பாற்பெயர் என எந்த உயிருக்கு எந்தச் சொல் வழங்கும் என்பதைப் பேசுகிறது. காழ் பற்றிய இரு நூற்பாக்களை அடுத்து வருவனவும் சொற்பட்டியல்களே. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியன புல்லுக்குரிய சொற்கள். இலை, தளிர், சினை, அரும்பு, நனை முதலியன மரத்துக்குரிய சொற்கள். காய், பழம், தோல், செதிள், வீழ் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. ஆக, காழின் இடம் கொண்டு இரு தொகுதிகளைப் பிரிப்பதன் நோக்கம், தென்னையின் உறுப்பை ஓலை என்பதா இலை என்பதா என்னும் வழக்குச் சிக்கலைத் தீர்ப்பதே. உள்ளமைப்பு இங்கே சொல்வழக்குக்குத் துணைநிற்கிறது.

அறிவு வகைப்பாட்டில் புல்லும் மரமும் ஓரறிவின என ஒன்றாகவே வைக்கப்படுகின்றன என்பதும் நோக்கத்தக்கது. உயிரின் இயல்பைப் பேசும்போது வேறுபாடு தேவைப்படவில்லை. உறுப்புகளுக்குப் பெயர் சொல்லும்போதே அது தேவைப்படுகிறது.

இதைவிட நுட்பமான அகச்சான்று ஒன்றும் அவ்வியலிலேயே உண்டு. ஓரறிவுயிர்களின் இளமைக்குப் பிள்ளை, குழவி, கன்று, போத்து ஆகிய பெயர்களைக் கொள்ளலாம் என்று கூறும் மரபியல், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என விலக்குகிறது. இவ்விலக்கில் வரும் புல்லும் பின்னர்ப் புறக்காழால் வரையறுக்கப்படும் புல்லும் ஒரே பரப்புடையவை என்று கொண்டால், தென்னம்பிள்ளை, கமுகம்பிள்ளை ஆகிய வழக்குகள் விலக்கப்பட்டவையாகிவிடும். எனவே முன்னிடத்தில் புல் என்பது தரையில் வளரும் புல்லினத்தையும், பின்னிடத்தில் பனை தெங்கு உள்ளிட்ட விரிந்த தொகுதியையும் குறிப்பதாகக் கொள்வதே பொருந்தும். ஓரியலுக்குள்ளேயே பரப்பு மாறும் சொல்லை நிலையான தாவரத் தொகுதியின் பெயராகக் கருத இயலாது. மரபியலின் சில பகுதிகள் பிற்சேர்க்கை என்னும் விவாதம் நெடுங்காலமாக உண்டு. இவ்விரு நூற்பாக்களும் வெவ்வேறு காலத்தன என்று எவரேனும் வாதிட்டாலும், புல் என்னும் சொல்லின் நெகிழ்ச்சி அதனால் மறைந்துவிடாது.

பனையும் வேம்பும்

உரைமரபு காழ் என்பதற்கு வயிரம் என்று பொருள் கொள்ளும். அதன் எதிர்ச்சொல் வெளிறு. பனை போன்றவற்றின் மென்மையான உட்பகுதிக்குச் சோறு என்னும் பெயரும் உண்டு. இம்மூன்று சொற்களையும் கையில் வைத்துக்கொண்டு இரு தண்டுகளின் வெட்டுமுகத்தை நோக்கினால், நூற்பாக்கள் எதைக் கண்டன என்பது தெளிவாகும்.

முற்றிய பனையைக் குறுக்கே அறுத்தால் விளிம்பை ஒட்டி ஏறத்தாழக் கருநிறமான, கோடரியை எதிர்க்கும் வளையம் தென்படும். உள்ளே செல்லச் செல்ல நிறம் வெளுத்து, நடுவே விரலால் பிய்க்கத்தக்க சோறு நிறைந்திருக்கும். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் சாற்றுக்குழாய்க் கற்றைகள் பரவியிருக்கும் முறை. பனைத்தண்டில் அவை வளையமாக அமைவதில்லை. தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் ஒன்றையொன்று நெருக்கியும் நடுவில் இடைவெளி விட்டும் நிற்கின்றன. ஒவ்வொரு கற்றையையும் ஒட்டித் தடித்த சுவருடைய நார்த்திசு தொப்பிபோலக் கவிந்திருக்கிறது. பனையின் வன்மை பெரும்பாலும் இந்த நார்த்திசுவினுடையது. வயதாக ஆக விளிம்பு நார்களின் செல்சுவர்கள் மேலும் மேலும் தடிக்கின்றன. இளம்பனை கட்டுமானத்துக்கு உதவாததற்கும் முதுபனை கைமரத்துக்கும் வாரிச்சலுக்கும் தேடப்படுவதற்கும் இதுவே காரணம்.

பனைக்குக் கேம்பியம் என்னும் வளர்திசு வளையம் கிடையாது. தண்டு உயரத் தொடங்குமுன் நுனியிலேயே அதன் பருமன் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. வடலிப் பருவத்தில் ஆண்டுக்கணக்கில் தண்டே தோன்றாமல் ஓலை மட்டும் விரிந்து நிற்பது அந்தப் பருமனை அடைவதற்காகவே. கேம்பியம் இல்லாமையால் பனையில் வெட்டிய தழும்பு மூடுவதில்லை. ஏறுவோர் கொத்திய படி அப்படியே நிற்கும்.

வேம்பின் நிலை வேறு. பட்டைக்கு உள்ளே கேம்பியம் ஒரு மெல்லிய உறைபோலத் தண்டைச் சூழ்ந்து, உட்புறம் கட்டைத்திசுவையும் வெளிப்புறம் உணவுகடத்தும் திசுவையும் ஆண்டுதோறும் சேர்க்கிறது. புதிய கட்டை வெளியே, பழைய கட்டை உள்ளே. புதியது வெளிறு, நீர் அதன் வழியே ஏறுகிறது. பழையதில் நீரோட்டம் நிற்கிறது. அங்கிருந்த உயிருள்ள செல்கள் இறக்குமுன் பிசினும் துவர்ப்பொருளும் நிறப்பொருளும் சுரந்து குழாய்களையும் சுவர்களையும் நிரப்புகின்றன. அந்த இறந்த நடுப்பகுதியே வயிரம்.

இங்கேதான் ஒப்பீட்டாளர் கவனியாது விட்ட செய்தி உள்ளது. பனையின் காழும் வேம்பின் காழும் ஒரே திசு அல்ல. முன்னது நார்த்திசுவின் செறிவால் வருவது. பின்னது கட்டைத்திசு இறந்து நிரம்புவதால் வருவது. பனையின் விளிம்பில் உயிருள்ள செல்கள் மரம் நிற்கும் காலம் வரை இருக்கின்றன; வேம்பின் நடுவிலோ உயிர் அடங்கிவிட்டது. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த கண், நுண்ணோக்கியின் கண் அன்று. கோடரியும் வாய்ச்சியும் பிடித்த கையின் அறிவு அது. காழ் என்பது ஒரு பண்பின் பெயர். எந்தத் திசு அப்பண்பைத் தருகிறது என்பது அந்த அறிவுக்குப் புலனாகாதது. வீடு கட்டுவோனுக்குத் தேவைப்படாததும்கூட.

கறையான் இப்பகுப்பை ஆயுதமின்றியே செய்து காட்டுகிறது. வீழ்ந்த வேம்பில் அது வெளிறைத் தின்று வயிரத்தை விட்டுச்செல்லும். வீழ்ந்த பனையில் சோற்றைத் தின்று விளிம்பை ஓடாக நிறுத்தும். சோற்றைக் குடைந்தெடுத்த பனந்தண்டு நீரோடும் காலாகப் பயன்பட்டதும் இவ்வமைப்பினால்தான். வன்மையைச் சுற்றுப்புறத்தில் வைத்து நடுவை மென்மையாக விட்ட தண்டு, ஒரே அளவு பொருளைக் கொண்டு காற்றின் வளைவை அதிகம் தாங்கும் என்பது பொறியியலிலும் அறியப்பட்ட உண்மை.

உண்மையான உறவினர்

மரபியலின் பகுப்புக்கு ஐரோப்பியத் தாவரவியலில் உறவு தேடவேண்டுமானால் ரேயிடம் செல்வது வீண். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தாவரவியலாளர் தெஃபோன்தேன் பனைக் குடும்பத் தண்டுகளையும் பிற மரத்தண்டுகளையும் ஒப்பிட்டு, வன்மை வெளியில் அமைவது, உள்ளே அமைவது என்னும் வேறுபாட்டை முன்வைத்தார். தெ கந்தோல் 1813இல் அதனைப் பெயரிட்ட பெருந்தொகுதிகளாக்கினார். அகத்தே வளர்வன, புறத்தே வளர்வன என்பது அப்பெயர்களின் பொருள். 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் லிண்ட்லி போன்றோர் வழியாக இப்பெயர்கள் ஆங்கில நூல்களிலும் பெருவழக்காயின. புறக்காழ், அகக்காழ் என்னும் இணைக்கு மிக நெருங்கிய உறவு இதுவே. இரண்டும் தண்டை அறுத்துப் பார்த்த பகுப்புகள்.

ஆனால் தெஃபோன்தேன் ஓரடி மேலே சென்றார். வெளிப்புறம் வன்மையாக இருப்பதற்குக் காரணம், புதிய நார்கள் நடுவில் தோன்றிப் பழையவற்றை வெளியே தள்ளி நெருக்குவதே என்று கருதினார். ஹியூகோ வான் மோல் 1831இல் பனைக் குடும்பத் தண்டுகளை ஆராய்ந்து அக்கருத்தை வீழ்த்தினார். ஓலையிலிருந்து தண்டுக்குள் நுழையும் கற்றை முதலில் நடுவை நோக்கிச் சென்று, கீழிறங்கும்போது மீண்டும் விளிம்பை நோக்கி வளைகிறது என்பது அவர் கண்டது. விளிம்பின் நெருக்கத்துக்கு அவ்வளைவே காரணம், தள்ளல் அன்று. 1960களில் சிம்மர்மனும் டாம்லின்சனும் தண்டின் அடுத்தடுத்த வெட்டுமுகங்களைத் திரைப்படச் சட்டங்களாகப் பதிந்து ஓட்டிக் கற்றைகளின் பாதையை முழுமையாகத் தொடர்ந்தனர்.

அகத்தே வளர்வன என்னும் பெயர் இவ்வாறு அறிவியலிலிருந்து நீங்கியது. மரபியலின் பெயர்களுக்கு அந்நிலை நேரவில்லை. அவை வளர்ச்சியைப் பற்றி ஏதும் கூறவில்லை. காழ் எங்கே என்று மட்டும் கூறின. கூறிய அளவில் அக்கூற்று இன்றும் பிழைபடவில்லை. தொல்காப்பியத்தைப் போற்ற விரும்பும் ஆய்வாளர் எடுத்துக்காட்டியிருக்க வேண்டிய சிறப்பு இந்த அடக்கமே.

ஒருவித்திலையோடு இணைப்பதில் இன்னுமோர் இடர் உண்டு. 1998இல் வெளியான மூலக்கூறு அடிப்படையிலான பூக்கும் தாவர வகைப்பாடு, இருவித்திலைத் தாவரங்கள் ஒரே மூதாதை வழிவந்த முழுத்தொகுதி அல்ல என்பதை ஏற்றுக்கொண்டது. ஒருவித்திலைத் தொகுதி நிலைத்தது. இருவித்திலை என்னும் பழைய தொகுதி கலைந்தது. தொல்காப்பியத்தின் பெருமையை அத்தொகுதியின் மேல் கட்டியவர்கள், அது கலையும்போது என் செய்வர் என்பதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கடற்கரை எழுப்பும் வினாக்கள்

புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த பெரிய முதலியார்சாவடி, விழுப்புரம் மாவட்டத்து நெய்தல் நிலம். கடலோர மணலில் தென்னையும் சவுக்கும், மேற்கே செம்மண் மேட்டை நோக்கிச் செல்லும்போது பனையும் முந்திரியும் வேம்பும் நிற்கின்றன. வடக்கே சென்றால் கழுவேலிச் சதுப்பும் மரக்காணத்து உப்பளங்களும். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. நெய்தல் திணைத் தாவரங்களை நூற்பாக்களோடு வைத்துச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான கரை அரிது.

தென்னையும் பனையும் நூற்பாக்களுக்கு முழுதும் இசைகின்றன. தாழையும் அவ்வாறே. அதன் தண்டில் வன்மை விளிம்பில். உறுப்பின் பெயர் மடல். தாங்கு வேர்களுக்கு வீழ் என்னும் பெயர் தகும். இவற்றில் நின்று பேசும்வரை ஒப்பீட்டாளருக்குத் துன்பமில்லை.

வாழையில் துன்பம் தொடங்குகிறது. வாழை ஒருவித்திலைத் தாவரம். ஆனால் அதற்குப் புறக்காழ் எங்கே? நிமிர்ந்து நிற்கும் பகுதி தண்டே அன்று. ஒன்றையொன்று சுற்றிய இலைமட்டைகளின் அடுக்கு. உண்மைத் தண்டு நிலத்தடியில் கிழங்காக இருக்கிறது. பூக்கும் காலத்தில் நடுவே ஊடுருவி வருவதே உணவாகும் வாழைத்தண்டு. எங்கும் காழ் என்று சொல்லத்தக்க வன்மை இல்லை. சொல்வழக்கோ இன்னும் சிக்கலானது. பழம் தருவது குலை. அது புல்லுக்குரிய சொல். உண்ணப் போடுவது இலை. அது மரத்துக்குரிய சொல். வாழையோலை என்று எவரும் சொல்வதில்லை. இளமைக்கு வாழைக்கன்று. ஒருவித்திலை என்னும் முத்திரை இவற்றுள் எதையும் விளக்கவில்லை.

மறுபக்கத்தில் முருங்கையும் முள்முருங்கையும் இருவித்திலையின. எனினும் கைக்கு வன்மையான அகக்காழ் அவற்றில் அமைவதில்லை. காற்றில் எளிதில் முறிகின்றன. வித்திலையை வைத்தால் இவை மரம்; காழை வைத்தால் இவற்றின் இடம் ஐயத்துக்குரியது. இலை, அரும்பு என்னும் சொற்களே இவற்றை மரத்தின் பக்கம் சேர்க்கின்றன. காழ் இல்லாவிடத்தில் வழக்கு பகுப்பைச் செய்கிறது என்பது கவனத்துக்குரியது. மரபியல் வழக்குக்கு இலக்கணம் செய்த நூல் என்பதற்கு இது மேலும் ஒரு சான்றாகும்.

உவர்நிலம் வந்தால் இரு பிரிவும் போதாமற் போகின்றன. இக்கரையின் கழிமுகங்களில் வளரும் வெண்கண்டலில் கேம்பியம் ஒன்றோடு நிற்பதில்லை. ஒன்று செயல்பட்டபின் அதற்கு வெளியே மற்றொன்று, அதற்கும் வெளியே வேறொன்று எனத் தோன்றுகின்றன. அதனால் வெட்டுமுகத்தில் கட்டைத்திசுவும் மென்திசுவும் மாறி மாறி வளையங்களாகக் கிடக்கின்றன. உப்பள வரப்புகளில் படரும் உமரி வகைகளில் தண்டு தடிப்பவற்றிலும் இதே அமைப்பு காணப்படுகிறது. உவர்நீரில் வாழும் தாவரத்துக்கு இவ்வமைப்பு உதவுகிறது என்று விளக்குவோர் உண்டு. ஆனால் உமரியின் உறவினமாகிய பீட்ரூட் கிழங்கை அறுத்தாலும் அதே வளையங்கள் தெரியும் என்பதால் வாழிடம் மட்டுமே காரணமாகாது. வெண்கண்டலின் காழ் புறத்தா, அகத்தா? வன்மையும் மென்மையும் அடுக்கடுக்காக அமைந்த தண்டுக்கு இவ்வினாவே பொருந்தாது. நூற்பாக்களின் எல்லை இங்கே தெளிவாகிறது. அதனைக் குறையென்று மறைக்க வேண்டுவதில்லை. கைமரமும் தூலமும் தேடியவர் பார்வையில் உமரி இடம்பெறாததில் வியப்பில்லை.

சவுக்கு மற்றொரு வகையில் சோதிக்கிறது. அதன் தாயகம் ஆஸ்திரேலியாவும் தென்கிழக்காசியக் கரைகளும். இக்கரைத் தோப்புகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்தவை. உள்ளமைப்பில் ஐயமில்லை, கேம்பியம் உண்டு, வன்மையான கட்டை உண்டு. நூற்பா அதை மரம் என்னும். ஆனால் மரத்துக்குரிய இலை எங்கே? பச்சையாகத் தொங்கும் ஊசிகள் இலைகளல்ல, கணுக்களுடைய கிளைகள். இலைகள் ஒவ்வொரு கணுவிலும் பல்போன்ற செதிள்களாகக் குறுகி வட்டமாக நிற்கின்றன. உணவு தயாரிக்கும் வேலையைக் கிளையே செய்கிறது. மூச்சுத்துளைகள் அதன் நீள்பள்ளங்களுக்குள் ஒளிந்து நீரிழப்பைக் குறைக்கின்றன. ஆக, காழால் மரமாகிய ஒன்று உறுப்புப் பெயரால் நழுவுகிறது. வழக்கோ இலை என்னும் சொல்லைப் பெரிதும் தவிர்த்துச் சருகு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டது.

கல்லான மரம்

மரக்காணத்துக்கு மேற்கே, அதே விழுப்புரம் மாவட்டத்தில் திருவக்கரையில் கல்மரப் பூங்கா உள்ளது. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலூர் மணற்கல் படிவுகளில் பெருந்தண்டுகள் சிலிக்காவாக மாறிக் கிடக்கின்றன. ஐரோப்பியருள் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா 1781இலேயே அவற்றைப் பற்றிக் குறிப்பிட்டார். தென்னார்க்காட்டின் இப்படிவுகளிலிருந்து பனைக் குடும்பத் தண்டுகளும் பின்னர்த் தாவரப் புதைபடிவ அறிஞர்களால் விவரிக்கப்பட்டன.

இத்தண்டுகளுக்கு வித்து இல்லை. ஓலை இல்லை, பாளை இல்லை. வித்திலையை எண்ண வழியே இல்லை. எனினும் ஒரு துண்டை மெல்லிய சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால், கற்றைகள் சிதறி விளிம்பில் நெருங்கி நிற்கின்றனவா, கேம்பியத்தால் அடுக்கப்பட்ட கட்டை தொடர்ந்து செல்கிறதா என்பது தெரிந்துவிடும். அதைக் கொண்டே அறிஞர் அது பனைக் குடும்பமா, வேறு மரமா என்று கூறுகின்றனர். தண்டு மட்டுமே எஞ்சும்போது தாவரவியலும் மரபியல் நின்ற இடத்துக்கே வந்து நிற்கிறது. வித்திலையும் காழும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதற்கு இதனினும் வலிய சான்று கிடைப்பது கடினம்.

காழ் என்னும் சொல்லின் பின்வாழ்வு

நூற்பாவின் பொருளைத் தீர்மானிப்பதில் இன்றைய கலைச்சொல்லாக்கத்துக்கும் பங்கு உண்டு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் நீர்கடத்தும் திசுவுக்குக் காழ் என்றே பெயரிட்டன. உணவுகடத்தும் திசுவுக்கு உரியம் என்றன. கேம்பியத்தை மாறிழையம் என்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சைலம், புளோயம், கேம்பியம் என்று ஒலிபெயர்த்துக்கொண்டன. மரத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் வைரக்கட்டை என்று தமிழ்ச்சொல் தந்தன.

இலங்கை வழக்கு சொல்வளத்தால் சிறந்தது. பழஞ்சொல்லை உயிர்ப்பித்ததற்காகப் பாராட்டத்தக்கது. ஆயினும் அவ்வழக்கில் பயின்ற மாணவர் மரபியலைத் திறக்கும்போது ஒரு திரிபு நேரக்கூடும். நீர்கடத்தும் திசு எல்லாத் தண்டிலும் உண்டு; வாழையிலும் உமரியிலும் முருங்கையிலும் உண்டு. அப்பொருளில் காழில்லாத் தாவரமே தரைமேல் அரிது. நூற்பாவின் காழோ சிலவற்றில் அமைவது, முதுமையில் முற்றுவது, இளமையில் இல்லாதது. திசுவின் பெயராக்கப்பட்ட சொல்லைக் கொண்டு பண்பின் பெயராக நின்ற சொல்லை வாசித்தால், பனையின் புறக்காழ் நார்த்திசுவால் ஆனது என்னும் செய்தி மறைந்து, நீர்க்குழாய்கள் வெளியே இருக்கின்றன என்னும் பொருள் தோன்றிவிடும்.

தமிழ்நாட்டு வழக்கில் வேறுவகை இழப்பு. வைரக்கட்டை என்னும் சொல் உரையாசிரியர் காட்டிய வயிரத்தைப் பாதி காத்தது. இறந்து நிரம்பிய நடுக்கட்டைக்கு அது பொருந்தும். பனையின் விளிம்புக்குப் பாடநூலில் அப்பெயர் இல்லை. ஸ்கிளிரன்கைமா நார் சூழ்ந்த கற்றைகள் நெருங்கிய புறப்பகுதி என்று ஒரு தொடரே எழுத வேண்டியிருக்கிறது. பனந்தூலத்தைச் செதுக்கிச் சோற்றைக் கழிக்கும் தச்சரோ, எஞ்சி நிற்கும் கருவிளிம்பை வயிரம் என்றே சொல்கிறார்.